கீழே தந்தை, மாடியில் மகன்: மதுரையில் ஒரு நகைக்கடை

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த வீதிகளில், நகை வாங்க வருபவர்கள் முதலில் விசாரிப்பது தெற்கு ஆவணி மூல வீதியைத்தான். பல மாடிகளும் குளிர்சாதன வசதியும் திரை நட்சத்திரங்களின் விளம்பரமும் கொண்ட பெருங்கடைகள் நகரெங்கும் வந்துவிட்ட பிறகும், நெரிசல் மிகுந்த இந்த வீதியில் தலைமுறைகளாக நடந்துவரும் சிறிய கடைகளுக்கு ஆள் வரவு குறையவில்லை. அவற்றுள் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. தாத்தா தொடங்கி, இப்போது தந்தையும் மகனும் நடத்தும் கடை அது. கீழ்த்தளத்தில் தங்கத்தைத் தந்தை பார்த்துக்கொள்கிறார். மாடியில் வெள்ளியும் மூக்குத்தி, தோடு போன்ற சிறு நகைகளும் மகனின் பொறுப்பு. எங்கள் வீட்டுப் பழைய அட்டிகை ஒன்றைக் கொடுத்துச் சங்கிலியாக மாற்றிக்கொள்ள அங்கே சென்றோம். பிறகு ஒரு மூக்குத்திக்காக மாடிக்கும் போக நேர்ந்தது. புகழ்வதற்கு இருப்பதைப் போலவே குறை கூறுவதற்கும் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

நகையின் தரத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயம் என்ற விதி 2021 ஜூன் மாதத்திலிருந்து மாவட்டம் மாவட்டமாக நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் பொறிக்கப்படாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைவான நகைகளுக்கும், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத கடைகளுக்கும் விலக்கு உண்டு. அந்த ஆறு இலக்கத்தை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால், எந்தக் கடைக்காக, எந்த மையத்தில் முத்திரையிடப்பட்டது, என்ன தரம் என்ற விவரங்கள் வந்துவிடுகின்றன. தரம் குறைவு என்று சோதனையில் தெரிந்தால், குறைந்த அளவுக்கான மதிப்பைப் போல இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நாங்கள் வாங்கிய சங்கிலியின் எண்ணைக் கடையிலேயே சரிபார்த்தோம், பொருந்தியது. பக்கத்துக் கடையில் வாங்கியிருந்தாலும் பொருந்தியிருக்கும். 916 என்ற முத்திரைக்குப் பின்னால் உள்ள தங்கம் எல்லாக் கடையிலும் ஒன்றுதான்.

அப்படியானால் ஒரு நகைக்கடையை மதிப்பிட என்ன மிஞ்சுகிறது? சேதாரமும் செய்கூலியும் மிஞ்சுகின்றன. இவற்றுக்கு உச்ச வரம்பு எதையும் சட்டம் வைக்கவில்லை. பழைய நகைக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பது மிஞ்சுகிறது. கொக்கி விட்டுப்போனாலோ திருகு தளர்ந்தாலோ திரும்பி வருபவரை எப்படி நடத்துவார்கள் என்பது மிஞ்சுகிறது. சீட்டுக் கட்டிய பணம் பத்திரமாக இருக்குமா என்பதும் மிஞ்சுகிறது. இவை எல்லாம் உரிமையாளர் என்ற மனிதரைச் சார்ந்தவை. அவர் எப்படிப்பட்டவர் என்பதை விற்பனை நடக்கும் நேரத்தில் தெரிந்துகொள்ள முடியாது. அப்போது எல்லாக் கடைக்காரரும் இனியவர்களே. விற்பனை இல்லாத நேரத்தில் அவர் நடந்துகொள்ளும் விதத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கடையில் அதைப் பார்க்க எனக்குப் போதிய நேரம் கிடைத்தது, ஏனெனில் இங்கே எந்த வேலையும் விரைவாக நடப்பதில்லை.

அட்டிகை என் மனைவியின் பாட்டியுடையது. கெம்புக் கற்கள் பதித்து, உள்ளே அரக்கு நிரப்பிய பழைய வேலைப்பாடு. இத்தகைய நகைகளில் தங்கம் எவ்வளவு, கல்லும் அரக்கும் எவ்வளவு என்பது பிரித்தாலொழியத் தெரியாது. முந்தைய வாரம் வேறொரு கடையில் கையில் வாங்கி இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, 38 கிராமில் 14 கிராம் கழிவு என்று சொல்லிவிட்டார்கள். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டதற்கு, இத்தனை வருட அனுபவம் என்பதே பதில். இந்தக் கடையில் பெரியவர், அதாவது தந்தை, அதை எடை போட்டுத் தாளில் குறித்துக்கொண்டு, பட்டறை ஆசாரியை வரவழைத்து, எங்கள் கண்ணெதிரிலேயே கற்களை நெம்பி எடுக்கச் செய்தார். பிறகு அரக்கைச் சூடாக்கி வழித்து, அதையும் ஒரு தட்டில் தனியே வைத்தார்கள். மிஞ்சிய தங்கம் 27 கிராமுக்குச் சற்றுக் குறைவு. காரட் மீட்டர் மேற்பரப்பை மட்டுமே காட்டும், பற்றவைத்த இடங்களில் பொடி கலந்திருக்கும், உருக்கினால்தான் உண்மையான தரம் தெரியும் என்று விளக்கி, உருக்கச் சம்மதமா என்று கேட்டார். உருக்கிய பிறகு மனம் மாறினால் அந்தக் கட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம், உருக்குக் கூலி மட்டும் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். உருக்கிய பின் தரம் ஏறக்குறைய இருபது காரட் என்று வந்தது. அதற்கேற்ற விலையை அன்றைய விலையில் கணக்கிட்டு, கூட்டல் கழித்தல் அனைத்தையும் எங்களுக்குப் புரியும்படி ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்.

கற்களை ஒரு வெள்ளைத் தாளில் மடித்து என் மனைவியிடம் நீட்டியபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “கல்லுக்கு விலை கிடையாதும்மா. ஆனா உங்க பாட்டி போட்டிருந்த கல்லு. பின்னாடி ஒரு தோட்டுல பதிச்சுக்கலாம், வச்சுக்குங்க.” விலை இல்லாத பொருளைத் திருப்பிக் கொடுப்பது பெரிய நேர்மையல்ல என்று சிலர் சொல்லலாம். ஆனால் பழைய நகை கொடுத்தவர்கள் பலருக்கும் கற்கள் திரும்பி வந்ததில்லை என்பதை, கேட்டுப் பார்த்தால் அவரவர் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

அன்று எங்களுக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். ஒற்றை மோதிரத்தை விற்க வந்தவர். எதையும் வாங்க வரவில்லை. பெரும்பாலான கடைகளில் இப்படி வருபவர்களை ஒரு மூலையில் நிறுத்திவைத்து, ஏன் விற்கிறீர்கள், பில் இருக்கிறதா, வேறு யாருடையதாவதா என்று பலர் காதில் விழும்படி கேட்பதைப் பார்த்திருக்கிறேன். திருட்டு நகையாக இருந்தால் கடைக்காரருக்குத்தான் தொல்லை என்பதால் விசாரிக்காமல் இருக்கவும் முடியாது. பெரியவர் அவரைத் தம் மேசைக்கு எதிர் நாற்காலியில் அமரவைத்து, அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் இரண்டு கேள்விகள் கேட்டு முடித்துவிட்டார். தண்ணீர் எங்களுக்கு வந்தது போலவே அவருக்கும் வந்தது.

எடை போடும் முறையிலும் இதே நிதானம்தான். தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆனாலும் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியை நிறுத்துகிறார்கள். நகையை வைப்பதற்கு முன் திரை பூஜ்யம் காட்டுவதை வாங்குபவர் பார்க்கிறாரா என்று கவனித்துவிட்டே வைக்கிறார்கள். முத்திரையைப் படிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி வைத்திருக்க வேண்டும் என்பது எல்லாக் கடைக்கும் பொதுவான விதி. இங்கே அது கேட்காமலே மேசைக்கு வருகிறது. ரசீதில் நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியே இருந்தன. “பில் போடவா, இல்லாம பாத்துக்கவா?” என்ற கேள்வி எழவே இல்லை. சங்கிலிக்குச் சேதாரம் நூற்றுக்கு ஒன்பது சொன்னார்கள். பேரம் பேசியதில் எட்டரைக்கு வந்தது. இது மலிவு அல்ல. விளம்பரக் கடைகளில் பண்டிகைக் காலத்தில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும், வடிவமைப்புகளும் பன்மடங்கு அதிகம்.

பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஜவுளிக் கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலையிலிருந்து இரவு வரை கால் கடுக்க நிற்பவர்களை மனத்தில் வைத்துக் கொண்டுவந்த திருத்தம் அது. பல கடைகளில் முக்காலிகள் வாங்கிப் போடப்பட்டன, ஆனால் அவற்றில் உட்காரும் துணிவு யாருக்கும் வருவதில்லை. முதலாளியின் பார்வை போதும். இந்தக் கடையின் கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர் இல்லாதபோது பெண்கள் உட்காருகிறார்கள். பெரியவர் உள்ளே வந்தாலும் பதறி எழுவதில்லை. எங்களுக்குச் சங்கிலி காட்டிய பெண் பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே இருப்பதாகச் சொன்னார். ஆட்கள் நிலையாக இருக்கும் கடையில், முன்பு வாங்கிய நகையை எடுத்துச் சென்றால் அதை அடையாளம் காணக்கூடிய ஒருவர் இருப்பார். வாங்குபவருக்கு இது நேரடியான பயன்.

நகைத் தொழிலில் பெயர் என்பது கடைக்கு உள்ளே மட்டும் உருவாவதில்லை. ஆசாரிகளுக்குச் சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே கிடைக்கிறதா, கொடுத்த தங்கத்துக்கும் திரும்பிய நகைக்கும் இடையிலான கழிவுக் கணக்கில் அவர்களோடு தகராறு வருகிறதா என்பதெல்லாம் பட்டறைச் சந்துகளில் எல்லோருக்கும் தெரியும். தூசியையும் சாக்கடை மண்ணையும் கூட அரித்துப் பொன் எடுக்கிற தொழில் இது; இங்கே அரை மில்லிகிராம் வஞ்சனையும் மறைந்துபோகாது. வெளியூரிலிருந்து வருபவர்கள் ஆட்டோ ஓட்டுநரிடமும் பூ விற்பவரிடமும் தேநீர்க் கடையிலும்தான் கேட்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநர்களுக்குச் சில கடைகள் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கின்றன. அந்தக் கமிஷன் சேதாரத்தில் ஏறிவிடும். இந்தக் கடை கொடுப்பதில்லை என்பதால் எந்த ஆட்டோவும் நம்மை இங்கே கொண்டுவந்து இறக்காது. பூ விற்பவருக்கு யாரும் கமிஷன் கொடுப்பதில்லை. எனவே அவர் சொல்லைத்தான் நான் நம்புவது. இரண்டு கடை தள்ளிக் கூடை வைத்திருக்கும் அக்காவிடம், இங்கே நம்பி வாங்கலாமா என்று கேட்டேன். “பெரியவர் இருந்தா போங்க சார்,” என்றார். ‘இருந்தா’ என்று ஏன் சொன்னார் என்பது மாடிக்குப் போனபோது விளங்கியது.

மகனுக்கு முப்பதுகளின் நடுவயது இருக்கும். மாடியை நவீனமாக மாற்றியிருக்கிறார். வெளிச்சமும் காட்சிப் பெட்டிகளும் கீழ்த்தளத்தைவிட நன்றாக இருக்கின்றன. நாங்கள் மூக்குத்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்களுக்காக நான்காவது தட்டை எடுத்துவந்த இளம் பெண்ணைப் பார்த்து, இவ்வளவு தட்டையும் ஏன் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தாய், எண்ணத் தெரியுமா என்று எங்கள் முன்னாலேயே கத்தினார். கேமராவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாய் என்றும் சொன்னார். தட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும் என்பது நகைக்கடைகளின் பொதுவான பாதுகாப்பு விதி. பொருள் காணாமற்போனால் சுமை அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும். எனவே கண்டித்ததில் பிழையில்லை. ஆனால் அந்தக் குரல் அவரைத் தாண்டி எங்கள் மீதும் விழுந்தது. மேசையில் நான்கு தட்டு திறந்திருக்க, எதிரே நாங்கள் உட்கார்ந்திருக்க, எண்ணத் தெரியுமா என்ற கேள்விக்கு எங்களையும் சந்தேகிக்கிறார் என்பதைத் தவிர வேறு பொருள் ஏது? அதன் பிறகு அந்தப் பெண் தட்டுகளைக் காட்டியபோது அவர் கை நடுங்கியது. என் மனைவி முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

கடைக்கு வெளியே அவர் நடந்துகொள்ளும் விதத்தையும் வீதியில் உள்ளவர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். பகல் நேரத்தில் கடைவாசலில் காரை நிறுத்தி, பூக்கூடையை நகர்த்தச் சொல்லி ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருப்பார் என்பது அந்த அக்காவின் குறை. நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் நாளுக்குப் பலர் அந்த அக்காவிடம் வழி கேட்கிறார்கள், அத்தனை பேருக்கும் அதே பதில்தான் போகிறது.

இணையத்தில் கடைக்கு வந்த விமர்சனங்களையும் படித்தேன். பாராட்டுகள் பெரும்பாலும் பெரியவரைக் குறித்தவை. குறைகளுக்குக் கடையின் பெயரில் வரும் பதில்கள் மகனுடையவை என்பதை நடையே காட்டிக்கொடுக்கிறது. மூக்குத்தித் திருகு ஒரு மாதத்தில் தளர்ந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். கோபமில்லாத, நான்கு வரிக் குறிப்பு. அதற்கு, அரை கிராம் வாங்கியவருக்கு அரைப் பக்கம் எழுத மட்டும் நேரமிருக்கிறது என்று பதில் போட்டிருக்கிறார்கள். திருகு தளர்வது எல்லா மூக்குத்திக்கும் நேர்வதுதான். கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறோம் என்ற ஒரு வரியில் முடிந்திருக்கும். இப்போது அந்தக் குறையை மறந்துவிட்டவர்கள்கூட அந்தப் பதிலை மறக்கமாட்டார்கள். அரை கிராம் வாங்குபவர்தான் பின்னாளில் மகள் திருமணத்துக்கு முப்பது சவரன் வாங்க வருகிறார் என்ற வணிகக் கணக்கை விட்டுவிடலாம். அவர் வராமலே போனாலும், வாங்கிய அளவை வைத்து ஆளை எடைபோடுகிறார்கள் என்பது படிக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நகைத் தொழிலில் இதற்கு உலகப் புகழ்பெற்ற முன்னுதாரணம் உண்டு. பிரிட்டனில் நூற்றுக்கணக்கான மலிவு விலை நகைக்கடைகளை நடத்திவந்த ஜெரால்ட் ராட்னர், 1991 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தொழிலதிபர்கள் நிறைந்த கூட்டத்தில் பேசினார். தம் கடையில் விற்கும் மதுக்குடுவைத் தொகுப்பு அவ்வளவு மலிவாக இருப்பதற்குக் காரணம் அது வெறும் குப்பை என்பதே என்றார். தம் கடைக் காதணி ஒன்று இறால் சாண்ட்விச்சைவிட மலிவு, அநேகமாக அந்த சாண்ட்விச் அளவுக்குக்கூட உழைக்காது என்றும் சொன்னார். அரங்கம் சிரித்தது, அதே வேடிக்கையை அவர் முன்பும் சொல்லியிருந்தார். மறுநாள் பத்திரிகைகள் அதைப் பெரிதாக வெளியிட்டன. நிறுவனத்தின் மதிப்பில் ஏறக்குறைய 50 கோடி பவுண்டு சரிந்தது. 1992-இல் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. 1993-இல் நிறுவனம் ராட்னர் என்ற பெயரையே கைவிட்டு சிக்னெட் ஆனது. அந்தக் காதணி மலிவானது என்பது வாங்கியவர்களுக்கு முன்பே தெரியும். கடை முதலாளி தங்களைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதுதான் அவர்களுக்குப் புதிய செய்தி. தெற்கு ஆவணி மூல வீதிக்கும் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கும் எவ்வளவோ தொலைவு. ஆனால் அரை கிராம் என்ற அந்தக் கேலியில் இருப்பது அதே சிரிப்பு.

நேர்மையாகச் சொன்னால் மகனிடம் குறை மட்டும் இல்லை. செயலியில் எண்ணைச் சரிபார்க்கும் முறையைக் கடைக்கு வருபவர்களுக்கு விளக்கும் அட்டையை அவர்தான் அச்சிட்டு வைத்திருக்கிறார். பெரியவரிடமும் குறை உண்டு. எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்டுக்கொண்டே போவது உள்ளூர்க்காரர்களுக்கு உரிமையாகத் தோன்றலாம். கேள்வி எந்த இடத்தில் போய் நிற்கும் என்று தெரிந்தவர்களுக்கு அது அசௌகரியம். என் நண்பர் ஒருவர் அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கடையைத் தவிர்த்து, யாரும் எதுவும் கேட்காத பெருங்கடைக்குப் போகிறார். அவர் முடிவில் நியாயம் இருக்கிறது. அன்பாகக் கேட்கிறோம் என்று கேட்பவர் நினைத்துக்கொண்டால் மட்டும் போதாது.

இந்தக் கடையில் பதினொரு மாதச் சீட்டும் நடத்துகிறார்கள். பொருளுக்காகப் பெறும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்து முடிக்காவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்று நிறுவனங்களுக்கான விதி இருப்பதால்தான் நகைச் சீட்டுகள் பொதுவாகப் பதினொரு தவணையோடு நின்றுவிடுகின்றன. சீட்டுப் பணத்தோடு கடைகள் மூடப்பட்ட செய்திகளைத் தமிழ்நாட்டில் நாம் போதுமான அளவு படித்துவிட்டோம். மாதந்தோறும் கட்டும் பணத்துக்கு ஈடாகக் கையில் இருப்பது ஓர் அட்டையும் உரிமையாளரின் சொல்லும் மட்டுமே. 2025-இல் சவரன் விலை 75,000 ரூபாயைத் தாண்டியதிலிருந்து அந்தச் சொல்லின் சுமையும் கூடிவிட்டது. பெரியவர் எங்களைச் சேரச் சொன்னார். அவருக்கு எழுபதுக்கு மேல் வயது. இன்னும் சில ஆண்டுகளில் கல்லா மகனிடம் போகும். நாங்கள் சேரவில்லை. மகன் பணத்தில் தவறு செய்வார் என்று நினைப்பதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. தவறு நேர்ந்தால் அவரிடம் போய்க் கேட்க எங்களுக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். பெரியவர் காலை பத்தரை மணியிலிருந்து மதியச் சாப்பாடு வரையிலும், மாலை ஆறு மணிக்குப் பிறகும் கீழே இருப்பார். பழைய நகை மாற்றுவதாக இருந்தால் காலையில் செல்லுங்கள். ஆசாரி வந்து பிரித்து உருக்கி முடிக்க மூன்று மணி நேரமாவது ஆகும். முகூர்த்த நாட்களுக்கு முந்தைய வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. வண்டி நிறுத்த இடம் கிடையாது. கல் பதித்த பழைய நகைக்கு இந்த வீதியில் இந்தக் கடையைத் தயக்கமின்றிச் சொல்வேன். புதிய வடிவங்களுக்கோ, சீட்டுக்கோ சொல்லமாட்டேன். எங்கள் மூக்குத்தியின் திருகும் தளர்ந்தது. அதை மாடிக்குக் கொண்டுபோகாமல் கீழேயே கொடுத்தோம். பத்து நிமிடத்தில் சரிசெய்து, காசு வாங்காமல் கொடுத்தார்கள்.